பாட்டு நின்ற படகு

இலங்கை வானொலியின் வரலாறு ஒரு கடற்கலத்திலிருந்து தொடங்குகிறது என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கொழும்பில் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர், முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டே தமது பரிசோதனை ஒலிபரப்புக் கருவியை அமைத்தார் என்பது வானொலி வட்டாரங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தனது ஒலிபரப்பைத் தொடங்கிற்று. கடலிலிருந்து கரைக்கு வந்த வானொலி, பின்னாளில் கரையிலிருந்து கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

எங்கள் வடபுலத்துக் கடற்றொழிலாளருக்கு வானொலி ஒருபோதும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. காலநிலை அறிக்கை, செய்தி, மரண அறிவித்தல் ஆகிய மூன்றையும் அதிலிருந்தே பெற்றார்கள். இரவு முழுவதும் வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் வேளையில் பழைய திரைப்பாடல் ஒன்று ஒலித்தால் நித்திரை கலையும். நித்திரை கலைந்தால் உயிர் தப்பும்.

தொண்ணூறுகளில் வடக்கே பொருளாதாரத் தடை இருந்த காலத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் இல்லை. வானொலிக்குப் போடும் சிறு பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் தமிழ்ப்பணியையும் கேட்டவர்கள் நாங்கள். ஒருவர் சுற்ற ஒன்பது பேர் கேட்பார்கள். சுற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்துவிடும். மின்சாரம் குறைந்தால் ஒலி எப்படி மாறும் என்பதைப் பாடப்புத்தகம் பார்த்து அறியவேண்டிய தேவை அத்தலைமுறைக்கு இருக்கவில்லை.

இவ்வளவும் சொல்லக் காரணம், சில ஆண்டுகளுக்கு முன்னர் மயிலிட்டியிலே ஒரு படகின் ஸ்ரீரியோ பழுதுபட்டபோது நான் உடனிருந்து பார்த்த சில விடயங்களாகும்.

மயிலிட்டி மக்கள் 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தவர்கள். துறைமுகம் 2017 யூலையில், ஏறத்தாழ 27 ஆண்டுகளின் பின்னரே அவர்களுக்குத் திரும்பவும் கிடைத்தது. அப்படித் திரும்பி வந்தவர்களுள் ஒருவர், எனக்கு நன்கு பழக்கமான குடும்பத்தைச் சேர்ந்தவர், கடன்பட்டு ஒரு நடுத்தரப் படகை வாங்கியிருந்தார். அதன் சுக்கான் அறையில் ஒரு ஸ்ரீரியோவும் இரண்டு ஒலிபெருக்கிகளும் இருந்தன. அவரோடு தொழிலுக்குப் போகும் பொடியன்கள் ஆசைப்பட்டுப் பூட்டியவை.

பழுது இதுதான். கரையில் கட்டியிருக்கும்போது பாட்டு ஒழுங்காக வரும். சத்தத்தைக் கூட்டினால் நின்றுவிடும். எஞ்சினை உயிர்ப்பித்தாலும் நின்றுவிடும். பிறகு தானாகவே வரும். ஆனால் பதிந்து வைத்த நிலையங்கள் யாவும் அழிந்து போயிருக்கும். எஞ்சின் ஓடும்போது பாட்டோடு சேர்ந்து ஒரு கீச்சென்ற ஒலியும் வரும். எஞ்சினின் வேகம் கூடக்கூட அந்தக் கீச்சொலியின் சுருதியும் ஏறும்.

நகரத்திலுள்ள ஒரு கடையில் காட்டியிருக்கிறார். பெட்டி பழுது என்று சொல்லிப் புதிய பெட்டி விற்றார்கள். அதுவும் அப்படியே நின்றது. இரண்டாவது பெட்டியும் வாங்கினார். பயனில்லை. படகுக்கு ஏதோ தோஷம் என்று வீட்டார் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

என் அயலில் ஓய்வுபெற்ற வானொலித் திருத்துநர் ஒருவர் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர். அவரை அழைத்துக்கொண்டு போனேன். படகில் ஏறியதும் அவர் பெட்டியைத் தொடவில்லை. "பெட்டி இரண்டும் ஒரே மாதிரி நிக்குது எண்டால் பெட்டியில பிழை இல்லைத் தம்பி. பெட்டிக்கு வாற வழியைப் பாப்பம்" என்றார். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்த எனக்கு இந்த அணுகுமுறை பிடித்திருந்தது. ஒரே செய்தி இருவேறு நிருபர்களிடமிருந்து ஒரே பிழையோடு வந்தால், அவர்கள் இருவருக்கும் தகவல் கொடுத்தவர் யார் என்றுதானே நாங்களும் முதலில் தேடுவோம்.

முதலில் மின்னழுத்தத்தை அளந்தார். பற்றரியின் முனைகளில் 12.6 வோல்ற்று. நல்ல பற்றரி. ஸ்ரீரியோ நிறுத்தப்பட்டிருக்கையில் அதன் பின்புறத்துக் கம்பிகளிலும் 12.6 வோல்ற்றே காட்டியது. கடைக்காரர் இந்த அளவைப் பார்த்துத்தான் கம்பி சரி, பெட்டிதான் பிழை என்று முடிவு செய்திருக்கவேண்டும். பெரியவர் ஸ்ரீரியோவைப் போட்டு, சத்தத்தை நன்றாகக் கூட்டிவிட்டு அதே இடத்தில் மீண்டும் அளந்தார். 10.2 வோல்ற்று. பற்றரியிலோ அளவு பெரிதாக இறங்கவில்லை. இடையிலே இரண்டு வோல்ற்றுக்கு மேல் காணாமற் போயிருந்தது.

இதை அவர் விளக்கிய முறை எளிமையானது. குழாயின் வாயை மூடி வைத்திருந்தால் ஒடுங்கிய குழாயிலும் அகன்ற குழாயிலும் அழுத்தம் ஒன்றாகத்தான் இருக்கும். திறந்து நீரை ஓடவிட்டால்தான் குழாயின் குணம் தெரியவரும். மின்கம்பியும் அவ்வாறே. மின்னோட்டம் இல்லாதபோது கம்பியின் தடை தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஆகவே, வேலை வாங்கிக்கொண்டே அளக்கவேண்டும்.

கணக்கையும் நான் குறித்துக்கொண்டேன். பற்றரியிலிருந்து சுக்கான் அறைக்குக் கம்பி சுற்றி வளைத்து எட்டு மீற்றர் வந்தது. போக எட்டு, வர எட்டு, ஆக 16 மீற்றர். போட்டிருந்தது 0.75 சதுர மில்லிமீற்றர் பருமனுள்ள மெல்லிய கம்பி. செப்பின் தடையை வைத்துப் பார்த்தால் அந்த 16 மீற்றருக்கு ஏறத்தாழ 0.37 ஓம் வரும். ஐந்து அம்பியர் ஓடினால் 1.8 வோல்ற்று கம்பியிலேயே போய்விடும். மிகுதி இழப்பு எங்கே? கம்பியின் நடுவில் ஓரிடத்தில் முறுக்கி, கறுப்பு நாடா சுற்றியிருந்தார்கள். நாடாவைப் பிரித்தபோது உள்ளே செம்பு இல்லை, பச்சைக் களிம்புதான் இருந்தது. உப்புக்காற்று நாடாவுக்குள்ளும் போய்விடும்.

எஞ்சினை உயிர்ப்பிக்கும்போது ஸ்ராட்டர் மோட்டோர் பெருமளவு மின்னோட்டத்தை இழுக்கிறது. பற்றரியின் அழுத்தமே அக்கணத்தில் சரிகிறது. ஏற்கனவே குறைவாகப் பெற்றுக்கொண்டிருந்த ஸ்ரீரியோ அணைந்துபோகிறது. நிலையங்கள் அழிவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இத்தகைய பெட்டிகளில் மஞ்சட் கம்பி எப்போதும் மின்சாரம் இருக்கவேண்டியது, நினைவைக் காப்பது அதுதான். சிவப்புக் கம்பி ஆளியின் வழியாக வரவேண்டியது. கறுப்பு மறை முனைக்கு. இங்கே மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக முறுக்கப்பட்டு ஆளிக்குப் போயிருந்தன. ஆளியை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் பெட்டி எல்லாவற்றையும் மறந்தது.

ஒலிபெருக்கிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. கம்பியைக் கழற்றி, ஒரு சிறிய 1.5 வோல்ற்றுப் பற்றரியை முனைகளில் தொட்டுத் தொட்டு எடுத்தார். இரண்டும் டக் டக்கென்று ஒலித்தன. சுருள் அறுபடவில்லை.

இதுவரை ஒரு பாட்டுப் பெட்டியின் கதைதான். இதன் பின்னர்தான் விடயம் வேறாகியது.

அந்த மெல்லிய கம்பியைப் பின்தொடர்ந்து போனபோது, அதே கம்பியிலிருந்துதான் வீ.எச்.எவ். தொடர்பு வானொலிக்கும் மின்சாரம் போவதைப் பெரியவர் கண்டார். கடலில் ஆபத்து நேர்ந்தால் 16ஆம் அலைவரிசையில், அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸில், உதவி கேட்கும் கருவி அது.

"இது வேலை செய்யுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, மற்றப் படகுக்காரர் கதைக்கிறது நல்லாக் கேக்கும்" என்றார் படகுக்காரர்.

"நீங்கள் கதைக்கிறது அவைக்குக் கேக்குமோ?"

படகுக்காரர் சற்று யோசித்தார். சில வேளைகளில் தான் கூப்பிட்டு மறுமொழி வராமல் இருந்ததுண்டு என்றும், அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

இக்கருவி கேட்டுக்கொண்டிருக்கும்போது இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது. 25 வாற்று வலுவில் பேசும்போது ஐந்தாறு அம்பியர் இழுக்கும். பொத்தானை அழுத்திப் பேசவைத்து அளந்தபோது, ஸ்ரீரியோ நிறுத்தப்பட்டிருந்தும், மின்னழுத்தம் 10 வோல்ற்றளவுக்கு இறங்கியது. ஸ்ரீரியோவையும் போட்டுவிட்டுப் பேசியபோது கருவி அணைந்தே போயிற்று. அந்தப் படகால் மற்றவர்களின் குரலைக் கேட்க முடிந்தது. தன் குரலை அனுப்ப முடியவில்லை. எத்தனை மாதங்களாக அந்த நிலையில் அவர்கள் இரவுக் கடலில் நின்றார்கள் என்பது எவருக்கும் தெரியவில்லை. படகுக்காரர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அடுத்ததாகத் திசைகாட்டி. ஒலிபெருக்கிகளில் ஒன்று திசைகாட்டிக்கு ஒரு சாண் தூரத்திலேயே பூட்டப்பட்டிருந்தது. ஒலிபெருக்கியின் பின்புறத்தில் இருப்பது வலிய காந்தம். அதைக் கழற்றி அப்பால் எடுத்துப் போகப்போக, திசைகாட்டியின் முள் மெல்லத் திரும்பி வேறோர் இடத்தில் நின்றது. பத்துப் பாகை அளவுக்கு வித்தியாசம் இருந்தது. பத்துப் பாகை பிழையோடு 20 கடல்மைல் ஓடினால், சேரவேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரைக் கடல்மைல் விலகிப் போய்விடுவோம். 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் கடலிலே கோடு கிழிக்கப்பட்டுள்ள எங்கள் பகுதியில் இந்த மூன்றரைக் கடல்மைல் எதைக் குறிக்கும் என்பதை இரு கரையிலும் சிறை சென்று மீண்ட தொழிலாளரிடம் கேட்டால் சொல்வார்கள். ஜீ.பி.எஸ். இருக்கிறதே என்று பொடியன்கள் சொன்னார்கள். அதுவும் அந்தக் கம்பியில்தான் இருந்தது.

கடைசியாக உருகி. பற்றரிக்கு அருகில் இருக்கவேண்டிய உருகியின் இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். எங்காவது கம்பி தேய்ந்து மறையோடு தொட்டால் அந்த மெல்லிய கம்பி செந்தணலாகிவிடும். டீசலும் ஃபைபர் கண்ணாடியும் நிறைந்த படகிலே, நடுக்கடலில், தீ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

இரண்டு நாள் வேலை. வெள்ளீயம் பூசிய நான்கு சதுர மில்லிமீற்றர்க் கம்பி ஸ்ரீரியோவுக்குத் தனியாகவும், தொடர்பு வானொலிக்குத் தனியாகவும், பற்றரியிலிருந்து நேரடியாக இழுக்கப்பட்டது. நடுவில் எங்கும் முறுக்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் பற்றரிக்கு மிக அருகிலேயே உரிய அளவுள்ள உருகி. மறைக் கம்பிகள் யாவும் ஒரே இடத்தில் இணைக்கப்பட்டன. முனைகளைச் சுரண்டித் துலக்கி, இறுக்கி, மேலே வசலின் பூசினார். ஒலிபெருக்கி சுக்கான் அறையின் மறுகோடிக்குப் போயிற்று. இப்போது அதே சத்தத்தில் அளந்தபோது இழப்பு 0.4 வோல்ற்றைத் தாண்டவில்லை. கீச்சொலியும் பெரும்பாலும் மறைந்தது. எஞ்சின் மின்பிறப்பாக்கியின் இரைச்சல் பொதுக் கம்பியின் வழியாகவே உள்ளே வந்திருந்தது. எஞ்சிய ஒரு சிறு கரகரப்பு மத்திய அலையில் மட்டும் கேட்டது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில், மலிவான எல்.ஈ.டி. விளக்கொன்றை நிறுத்தியதும் அதுவும் நின்றது. அந்த விளக்கைக் கழற்றிவிட்டார்.

ஆபத்து அலைவரிசையைச் சோதனைக்குப் பயன்படுத்தலாகாது. ஆகவே வேறோர் அலைவரிசையில் தொலைவில் நின்ற படகொன்றைக் கூப்பிட்டார் படகுக்காரர். உடனே மறுமொழி வந்தது: "என்னடாப்பா, இண்டைக்கு வடிவாக் கேக்குது!"

செலவு, கடையில் வாங்கிய இரண்டு பெட்டிகளில் ஒன்றின் விலையிலும் குறைவு. பெரியவர் கூலி வாங்க மறுத்தார். அடுத்த நாள் அவர் வீட்டுக்கு இரண்டு பெரிய விளைமீன் போயின.

2013 யூன் 8ஆம் திகதி தென்மேற்குக் கடலில் எழுந்த புயற்காற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கடற்றொழிலாளர் மாண்டனர். உரிய நேரத்தில் முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை என்ற குறை அப்போது நாடெங்கும் எழுந்தது. எச்சரிக்கையை வெளியிடுவது அரசின் பொறுப்பு. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் வெளியிட்ட எச்சரிக்கை படகினுள்ளே கேட்கவும், படகிலிருந்து எழும் குரல் கரைக்குக் கேட்கவும் வேண்டுமானால், அந்தக் கடைசி எட்டு மீற்றர்க் கம்பி நன்றாக இருக்கவேண்டும். அதற்கு எந்தத் திணைக்களமும் வந்து நிற்கப்போவதில்லை.

ஊரிலே தொழிலுக்குப் படகு வைத்திருப்பவர்களும், வெளிநாடுகளில் விடுமுறைக்குப் படகோட்டும் வாசகர்களும் ஒன்றை மனதிற் கொள்ளலாம். படகில் பாட்டு நின்றால் பெட்டியை மாற்றுவதற்கு முன்னர், அந்தக் கம்பியில் வேறென்ன தொங்குகிறது என்று பாருங்கள். தொடர்பு வானொலியில் பிறர் குரல் கேட்கிறது என்பதோடு நின்றுவிடாமல், உங்கள் குரல் அவர்களுக்குக் கேட்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுப் பாருங்கள்.