கோதுமையும் காப்பரிசியும்

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் காவிரிக் கரைப் பெண்களுக்குக் கால் தரையில் பாவாது. புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சம்பழச் சாதம் என்று பாத்திரங்கள் நிரம்பும். குழந்தைகள் தெருவெல்லாம் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். இத்தனை அமர்க்களத்திலும் காவிரியம்மனுக்குப் படைக்கும் விசேஷமான பண்டம் அடுப்பிலேயே ஏறுவதில்லை. அதுதான் காப்பரிசி. ஓர் ஆழாக்குப் பச்சரிசியைக் களைந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். பொடித்த வெல்லம், தேங்காய்த் துருவல், வறுத்த எள், கொஞ்சம் பொட்டுக்கடலை, ஏலப்பொடி சேர்த்துப் பிசறினால் தீர்ந்தது.

என் அத்தை வீடு பூம்புகார்ப் பக்கம், மேலையூரில். குடகு மலையில் புறப்பட்ட காவிரி, மேலையூர்க் கடையணையைத் தாண்டிப் பூம்புகாரில்தான் கடலோடு கலக்கிறாள். அங்கே வரும்போது அவள் அகண்ட காவிரி அல்ல. பிள்ளைகளுக்கெல்லாம் பரிமாறிவிட்டு மிச்சத்தைத் தான் சாப்பிடும் தாயாரைப்போல மெலிந்திருப்பாள். மேட்டூரில் ஜூன் 12-ந் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். அது தள்ளிப்போன வருஷங்களில் கடைமடைக்காரர்கள் பதினெட்டாம் பெருக்கைக் குழாய்த் தண்ணீரிலும் கொண்டாடியதுண்டு.

காப்பரிசி கலப்பதில் அத்தையின் கைக்கு ஈடு கிடையாது. வெல்லம் நீர்த்துக்கொள்ளாது; அரிசி பல்லில் கடிபடவும் செய்யாது. ஆனால் மாமா காலமான பிறகு அதைக் கரைக்குக் கொண்டுபோவது மற்றவர் கையாகிவிட்டது. கரையில் சுமங்கலிகள் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். காதோலை கருகமணி ஆற்றில் விடுவார்கள். "நல்ல காரியத்தில் நான் எதற்கு?" என்று அத்தை கொல்லைப்புறத்தில் துணி துவைக்க உட்கார்ந்துவிடுவாள். யாரும் அவளைத் தடுத்ததில்லை. யாரும் கூப்பிட்டதுமில்லை.

இந்த நிலையில்தான் என் சித்தப்பா மகள் வந்து சேர்ந்தாள். உக்ரேன் தேசத்துக் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள். 2022 பிப்ரவரி 24-ந் தேதி யுத்தம் மூண்டது. சில நாள் பூமிக்கடியில் உள்ள ரயில் நிலையத்தில் பதுங்கியிருந்து, எல்லை தாண்டி, மார்ச்சில் ஊர் திரும்பினாள். அந்த ஆண்டு மே 24-ந் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். ஆடியில் ஆறு நிறைந்து ஓடியது. பெண்ணின் முகத்தில் மட்டும் களை இல்லை.

பதினெட்டுக்கு முந்தின நாள் அத்தை எள் வறுத்துக்கொண்டிருந்தாள். "அத்தை, அங்கேயும் இதுமாதிரி ஒன்று உண்டு. பேர் குத்யா. கோதுமையில் செய்வார்கள்" என்றாள் பெண். பல மாதங்களுக்குப் பிறகு அவளாக வாய் திறந்து சொன்ன சமாசாரம் அதுதான். அத்தை விடுவாளா? "செய்து காட்டேன், பார்ப்போம்!" என்றாள்.

முழுக் கோதுமை வந்தது. தோல் நீக்க வேண்டுமாம். அத்தை தண்ணீர் தெளித்து, கம்பு குத்துவதுபோல உரலில் இரண்டு போடு போட்டுப் புடைத்துக் கொடுத்தாள். ராத்திரி முழுதும் ஊறிய கோதுமையை மறுநாள் விடியற்காலையில் குக்கரில் குழையாமல் மலர வேகவைத்தோம். அடுத்தது கசகசா. அவர்கள் ஊரில் அது நீலக் கறுப்பாக இருக்குமாம். உட்புறம் வரிவரியாகச் சொரசொரத்த மண் சட்டியில் மரக் குழவியால் தேய்ப்பார்களாம். நாங்கள் குருமாவுக்குப் போடும் வெள்ளைக் கசகசாவையே ஊறவைத்து, பால் வரும்வரை அம்மியில் அரைத்தோம். ஆறிய கோதுமையில் அதைச் சேர்த்துத் தேன், திராட்சை விட்டுக் கிளறினோம். அக்ரோட்டுக்குப் பதில் முந்திரி.

கிளறிக்கொண்டே பெண் பேசினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகு சாப்பிட உட்காருவார்களாம். அப்போது அது ஜனவரி 6. 2023-ல் சட்டம் மாறி இப்போது டிசம்பர் 24. பன்னிரண்டு பதார்த்தங்கள், மாமிசம் கிடையாது. முதலில் குத்யா. மூலையில் ஒரு கதிர்க்கட்டு நிற்கும். மூதாதையர் அதில் வந்து தங்குவதாக ஐதிகம். சாப்பாடு முடிந்தும் குத்யாவையும் கரண்டிகளையும் எடுக்காமல், இறந்தவர்கள் ராத்திரி வந்து சாப்பிடட்டும் என்று மேஜையிலேயே விட்டுவிடுவார்களாம்.

"நான் குடியிருந்த வீட்டம்மா அவள் புருஷனுக்கும் ஒரு கரண்டி வைத்தாள், அத்தை. அவர் போய் ஆறு வருஷம்."

"தாலி இழந்தவளா பண்டிகைச் சோறு பரிமாறினாள்?"

"அவள் வீடு. அவள்தானே பரிமாற வேண்டும்?"

அத்தை பதில் சொல்லவில்லை. எள்ளை எடுத்துக் காப்பரிசியில் போட்டாள். அதே எள்ளைத்தான் ஆடி அமாவாசையன்று பூம்புகார்ச் சங்கமத்தில் தண்ணீரோடு இறைத்து, போனவர்களை நினைத்துக்கொள்கிறோம். சற்றுப் பொறுத்து, "அந்த அம்மாள் சௌக்கியமா?" என்று கேட்டாள்.

"போன வாரம் செல்போனில் செய்தி வந்தது. குண்டு விழாத பக்கமாக, தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாளாம்."

மத்தியானம் புறப்படும்போது நான் வழக்கம்போல் பாத்திரத்தை எடுக்கப் போனேன். அத்தை, "நீ பூக்கூடையை எடுத்துக்கோடி" என்று சொல்லிவிட்டு, காப்பரிசியைத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டாள். கரையில் மஞ்சள் கயிறு அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. ஆனால் பூஜை முடிந்ததும் வாழை இலையை விரித்து, வந்தவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே பிரசாதம் கொடுத்தாள். முதலில் இரண்டொருவர் தயங்கினார்கள். எதிர்வீட்டுப் புது மணப்பெண் கையை நீட்டினாள். பிறகு கூட்டம் நெருக்கியது, பாத்திரம் காலி!

குத்யா எப்படியிருந்தது என்று கேட்பீர்கள். "தேவலை. ஏலம் போட்டிருக்கலாம்" என்பது அத்தையின் தீர்ப்பு. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். மாமாவின் வெள்ளித் தம்ளர் பக்கத்தில் ஒரு கிண்ணம் குத்யாவும் ஒரு கரண்டியும் இருந்தன. பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் கொல்லைப்புறத்தில் ஓர் அத்தையோ பெரியம்மாவோ இருக்கக்கூடும். காப்பரிசி கலப்பதோடு அவர்களை நிறுத்திவிடாதீர்கள். இந்த ஆடிக்குக் கரைக்கும் கூப்பிடுங்கள்.