புதனில் ஒரு தியாகராஜர்

மன்னார் மாவட்டப் பாப்பாமோட்டையில் இருந்து பருத்தித்துறைக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் சுமார் 95 கிலோமீற்றர் வரும். புதன் கிரகத்தில் ஏறக்குறைய அதே அகலத்தில் ஒரு பள்ளம் கிடக்கிறது. விண்பாறை ஒன்று வந்து மோதித் தோண்டியது. அந்தப் பள்ளத்தின் பெயர் தியாகராஜா.

ஆம், கர்நாடக இசை மேதை திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள்தான். புதனின் பள்ளங்களுக்குக் கவிஞர், ஓவியர், இசைவாணர் பெயர்களைச் சூட்டுவது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வழக்கம். மரினர் 10 விண்கலம் 1974, 75இல் எடுத்த படங்களில் தெரிந்த இந்தப் பள்ளத்துக்கு 1976இல் பெயர் வைத்தார்கள். காளிதாசரும் வால்மீகியும் தான்சேனும்கூட அந்தக் கிரகத்தில் இருக்கிறார்கள்.

பூமியில் அவருடைய நினைவிடம் பட்ட பாடு வேறு. 1847இல் காவிரிக் கரையில் அமைந்த சமாதி, காலப்போக்கில் கவனிப்பாரற்றுப் பாழடைந்தது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சம்பாத்தியத்தைக் கொட்டி 1921இல் திருப்பணி தொடங்கி, 1925இல் குடமுழுக்குச் செய்வித்தார். கட்டிக்கொடுத்த அந்த அம்மாளையே, பெண் என்று, சுவாமிகளின் நினைவாக அங்கு ஆண்டுதோறும் நடந்த ஆராதனையில் பாட விடவில்லை. பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார் அவர். போர்த்துக்கீசர் இடித்த திருக்கேதீச்சரம் கோயில் மீண்டு எழுந்த கதையைக் கேட்டு வளர்ந்த மன்னார்க்காரருக்கு, பாழ்பட்ட இடத்தை ஒருவர் விடாப்பிடியாக நின்று மீட்பது புதிய செய்தியல்ல.

புதனில் மழை இல்லை, காற்று இல்லை, கல்லிடுக்கில் வேர்விட ஆலும் அரசும் இல்லை. அங்குள்ள நினைவுச்சின்னமாவது சேதமின்றி இருக்கும் என்றுதான் நினைப்போம். 2011 மார்ச்சில் நாசாவின் மெசெஞ்சர் கலம் புதனைச் சுற்றத் தொடங்கி அனுப்பிய படங்கள் அந்த நினைப்பைக் கெடுத்தன. தியாகராஜாவின் தரை, கறையான் தின்ற பலகையாகத் தெரிந்தது. விளிம்பு எழும்பாத, ஆழமில்லாத, கோணல்மாணலான குழிகள்; ஒன்று மற்றதில் கலந்து தரையின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கின்றன. அவற்றைச் சுற்றி நீலச்சாயலோடு பளிச்சென்ற வளையங்கள். வண்ணம் கூட்டிய படங்களில் நடுவே செம்மையாக ஒரு திட்டு. அது பழைய எரிமலை வாய் என்பது ஆய்வாளர் கணிப்பு. குழிகளுக்குள் விண்கல் விழுந்த தடம் அநேகமாக இல்லை. ஆகவே அவை மிக இளையவை. சில இன்றும் பரந்துகொண்டிருக்கலாம்.

வெயில்தான் அரிக்கிறது என்று கருதுகிறார்கள். புதனில் பகல் வெப்பம் 430 பாகை செல்சியஸைத் தொடும். இரவில் உறைநிலைக்குக் கீழே 180 பாகை. ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடையில் நம் கணக்கில் 176 நாள். அந்த நீண்ட வேக்காட்டில் பாறையில் உள்ள கந்தகச் சேர்மங்கள் போன்றவை ஆவியாகிப் போக, எஞ்சியது உதிர்ந்து அமிழ்கிறது. தாங்கிப் பிடிக்க அங்கே ஒரு நாகரத்தினம்மாள் இல்லை.

மெசெஞ்சர் 2015 ஏப்ரல் 30இல் எரிபொருள் தீர்ந்து புதனிலேயே மோதித் தானும் ஒரு சிறு பள்ளம் பறித்தது. ஐரோப்பாவும் ஜப்பானும் 2018 அக்டோபரில் அனுப்பிய பெபிகொலம்போ, 2026 நவம்பரில் புதனின் சுற்றுப்பாதைக்குள் நுழைவதாகத் திட்டம். இந்தக் குழிகளை ஆராய்வதும் அதன் வேலைகளில் ஒன்று.