கேட்காத கேள்வி

நான் ஆறாம் தரத்தில் படித்த வருடம், நோன்புப் பெருநாள் விடுமுறையில் தொலைக்காட்சியில் ஓர் ஈரானியத் திரைப்படம் போனது. மஜீத் மஜீதி 1997இல் இயக்கிய ‘சில்ட்ரன் ஒப் ஹெவன்’. பேச்சு பாரசீகத்தில், கீழே சிங்கள எழுத்து. நானா வாசித்து வாசித்துச் சொல்ல, உம்மும்மா முதல் எல்லோரும் பாயில் இருந்து பார்த்தோம்.

அலி என்ற சிறுவன், தைக்கக் கொடுத்த தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைக் கொண்டுவரும் வழியில் தொலைத்துவிடுகிறான். புதியது வாங்க வாப்பாவிடம் பணமில்லை என்பது இருவருக்கும் தெரியும். வீட்டில் சொல்லாமலே சமாளிக்கிறார்கள். காலையில் அலியின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவள் பாடசாலை போவாள். முடிந்ததும் ஓடி வந்து ஒழுங்கையில் கழற்றிக் கொடுப்பாள். அதை மாட்டிக்கொண்டு அவன் ஓடுவான். அவள் காலுக்கு அது பெரிது. உம்மும்மா முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

ஒரு நாள், தொலைந்த சப்பாத்தை வேறொரு மாணவியின் காலில் ஸஹ்ரா காண்கிறாள். நானாவையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டைத் தேடிப் போகிறாள். அந்தப் பிள்ளையின் தந்தைக்குக் கண் தெரியாது. இருவரும் மறைந்து நின்று பார்க்கிறார்கள். ஒன்றுமே கேட்காமல் திரும்பி நடக்கிறார்கள்.

அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சில நாட்களுக்கு முன்புதான் எனது நீலக் குடை தொலைந்திருந்தது. ஒரு கிழமை கழித்து அதை வகுப்பில் ஒருத்தியின் கையில் கண்டேன். நானும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே டீச்சரிடம் போய்ச் சொன்னேன். எல்லோர் முன்னிலையிலும் அவள் எழுந்து நின்றாள்.

“பஸ் ஹோல்ட்ல கெடந்திச்சு டீச்சர். யார்ட எண்டு தெரியா” என்றாள்.

யாரும் நம்பவில்லை. குடையில் நான் பெயர் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் அவளே கொண்டுவந்து தந்திருப்பாளோ என்று அன்று எனக்குத் தோன்றவுமில்லை. பின்னேரம் மழை பெய்தது. புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவள் நடந்து போனாள். நான் குடைக்குள் போனேன்.

அலி ஓட்டப் போட்டியில் ஓடுவது மூன்றாம் பரிசான சப்பாத்துக்காக. ஆனால் முதலாமிடம் வந்து அழுவான். படத்தைப் பார்த்தவர்கள் அதைத்தான் அதிகம் சொல்வார்கள். எனக்கோ, கேட்காமல் திரும்பிய அந்த நடைதான் மனதில் நிற்கிறது.

விடுமுறை முடிந்து குடையோடு வகுப்புக்குப் போனேன். அவளது கதிரை வெறுமையாக இருந்தது. குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறேன். தொழுது துஆக் கேட்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வருகிறது. மனிதருக்குச் செய்த பிழைக்கு அந்த மனிதரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பார் உம்மும்மா. இந்தச் சஞ்சிகை அவள் கைக்குப் போய்ச் சேருமோ தெரியாது. சேர்ந்தால், என்னை மன்னித்துக்கொள். நீலக் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.