எண்ணுவோரும் பெயரும்

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைப் பக்கம் செல்வோர் தெருப் பலகைகளைச் சற்றே ஊன்றிப் படித்தல் வேண்டும். கிளைவ் தெரு என்று ஒன்று. வீராசாமி சாலை என்று மற்றொன்று. முன்னது 1757இல் பிளாசிப் போரில் வென்ற இராபர்ட் கிளைவின் பெயர்; பின்னது இந்நகரில் மருத்துவம் புரிந்த இந்தியர் ஒருவரின் பெயர். பெயர் எங்கே நிற்கிறதோ அங்கே நினைவும் நிற்கிறது. ஆதலின், பெயரிடுதல் சிறு காரியமன்று.

மனிதர் நிலையாகக் குடியிராத தென் துருவத்திலும் இதற்குச் சான்றுண்டு. அண்டார்க்டிக்காவின் மேரி பெர்ட் நிலத்தில் 990 மீட்டர் உயரமுள்ள மலையொன்று சின்ஹா மலை எனப்படுகிறது. அப்பனிவெளியில் ஓர் இந்தியப் பெயர் ஏறியது எங்ஙனம்? பீகாரில் பிறந்து அமெரிக்காவில் உயிரியல் அறிஞராய் விளங்கிய அகௌரி சின்ஹா, 1971-72இல் அமெரிக்கக் கப்பல்களில் அக்கடல்களுக்குச் சென்று, கடல்நாய்களையும் திமிங்கிலங்களையும் பறவைகளையும் கணக்கெடுத்தார். எண்ணுவதும் எழுதுவதுமே அவர் பணி. அமெரிக்காவின் பெயர்க்குழு அதனை மதித்து மலைக்கு அவர் பெயரை இட்டது.

எண்ணுவோர் எல்லார்க்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. இமயத்தின் 15ஆம் எண் சிகரத்தைக் கணக்கிட்டவர்களுள் தலையாயவர் வங்காளத்து இராதாநாத் சிக்தார். 1856இல் அதன் உயரம் 29,002 அடி என்று வெளியிடப்பெற்றது. 1865இல் நிலைபெற்ற பெயரோ, முன்னாள் நில அளவைத் தலைவர் எவரெஸ்டினுடையது!

ஜொகூர்த் தோட்டமொன்றில் கிராணியாயிருக்கும் எனக்கு இவ்வரலாறு அயலதாகத் தோன்றவில்லை. எண்ணுதலும் எழுதுதலுமே என் பிழைப்பு. எங்கள் ஏட்டில் ஆளுக்கோர் எண் உண்டு. பெரட்டில் அழைப்பதும் அவ்வெண்ணையே. நம் பாட்டன்மார் காடழித்து நட்ட நிலங்கள் பலவற்றிற்குத் துரைமார் பெயர்களே நிலைத்தன. அவர்கள் நின்ற வரிசையில் இன்று வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நிற்கின்றனர். அவர்களுடைய முழுப்பெயரையும் கேட்டு, தந்தை பெயரோடு எழுதி, பெயர் சொல்லியே நான் அழைக்கிறேன். நேரம் வீணாகிறதென்று மேலிடத்தார் இருமுறை கண்டித்தனர். சம்பள உயர்வும் ஓராண்டு தள்ளிப்போயிற்று. ஆயினும் அவ்வழக்கத்தை விட்டேனில்லை.

ஏடெழுதும் தோழர்களே! ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலையில் கூடும் கட்டடத் தொழிலாளரைப் பாருங்கள். அவர்கள் எழுப்பும் மாளிகைகளில் அவர்தம் பெயர் பொறிக்கப்படப் போவதில்லை. மலைக்குப் பெயரிடும் அதிகாரம் நமக்கில்லை. ஏட்டில் ஒரு வரி நம் கையில் இருக்கிறது. அவ்வரியிலேனும் உழைத்தவன் பெயரைப் பிழையின்றி எழுதுவோமாக.