காதில்லாத பூனைக்கு மூச்சுவிட ஒரு வழி

பிறந்தநாள் விழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசலில் நின்று பிள்ளைகளுக்குக் கை கொடுக்கிற டோரேமானை யார் தைக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வடபழனிக்குப் போனேன். சினிமாவுக்கு உடை வாடகைக்கு விடும் கடைகள் இருக்கும் தெருவில், ஒரு மாடிப் பட்டறை. படியேறும்போதே ரப்பர் கம் வாடை தொண்டையைப் பிடித்தது.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்து தலை செய்துகொண்டிருந்தார். ஓர் அங்குல ஸ்பாஞ்ச் ஷீட்டை ஆரஞ்சுச் சுளைபோல வெட்டி, ஓரங்களில் கம் தடவி, ஒட்டாமல் அப்படியே வைத்துவிட்டார். கம் ஈரமாக இருக்கும்போது பிடிக்காது. தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு, இரண்டு ஓரங்களையும் சேர்த்து அழுத்தினார். அதற்கப்புறம் பிரிக்க நினைத்தால் ஸ்பாஞ்ச்தான் கிழியும்.

1969-ஆம் ஆண்டின் கடைசியில் ஜப்பானியச் சித்திரக்கதையில் பிறந்த இந்த நீலப் பூனைக்கு உயரம் 129.3 சென்டிமீட்டர். தலையின் சுற்றளவும் மார்பின் சுற்றளவும் அதே 129.3. உள்ளே வளர்ந்த ஆள் நின்றால் உடுப்பு ஆறடியைத் தொடும். கணக்குப்படி தலை அரை மீட்டருக்கு மேல் அகலமாக வேண்டும். கனத்தை யார் சுமப்பது? தலைக்குள்ளே ஹெல்மெட் பொருத்தி, நாடியில் வார் கட்டுகிறார்கள். வயிற்றுக்குள் பிளாஸ்டிக் வளையம் கோத்து, தோளிலிருந்து பட்டையில் தொங்கவிடுகிறார்கள். பொய்க்கால் குதிரைக் கூட்டை ஆட்டக்காரர் தோளில் மாட்டிக்கொள்வாரே, அதே உத்திதான். துணி உடம்பில் ஒட்டாமல் விலகி நிற்பதால், உள்ளே கொஞ்சம் காற்று ஓடும்.

மேலே போர்த்துகிற ஃபர் துணியை மாஸ்டர் உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகே கத்தரி வைக்கிறார். முடி படியும் திசை எல்லாத் துண்டிலும் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஒரு துண்டு திரும்பிவிட்டால், ஒரே தான் துணியில் வெட்டியதுகூட இரண்டு நீலமாகத் தெரியும்.

உடுப்புக்குள் இருப்பவர் பொம்மையின் கண் வழியாகப் பார்ப்பதில்லை, வாய் வழியாகத்தான் பார்க்கிறார். வாயில் வைக்கும் வலை எவ்வளவு அடர்நிறமோ அவ்வளவுக்கு உள்ளிருக்கும் முகம் வெளியே தெரியாது. ஆனால் டோரேமானின் வாய் சிவப்பு என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் கறுப்பை விட்டுவிட்டு அரக்குச் சிவப்பு வலையைத் தேடி வாங்கி வைத்திருந்தார். குழந்தையின் கண்ணை மதிக்கிற இந்த அக்கறைதான் கைவேலை.

பெரிய சிக்கல் சூடு. ஸ்பாஞ்ச் உடம்புச் சூட்டை வெளியே விடாது.

“எலின்னா காதுக்குள்ள ஓட்டை போட்டு வலை வெச்சுடுவேன் சார், சூடு மேல போயிடும். இதுக்குத்தான் காதே கிடையாதே!” என்றார்.

எந்திர எலி காதைக் கடித்துத் தின்றுவிட்டதாகக் கதை. அந்தக் காது போன வினையை இங்கே இவர் தீர்க்கிறார். பொம்மையின் கண்களுக்குப் பின்னால், வெள்ளை முகமும் நீலத் தலையும் சேரும் தையலில் நீளமாக ஒரு திறப்பு விட்டு, மேலே ஃபர் மடிப்பால் மறைத்திருந்தார். உள்ளே பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன், பேட்டரியில் ஓடி வெப்பக் காற்றை வெளியே தள்ளுகிறது.

வேடம் கட்டுகிற தம்பி வந்து போட்டுப் பார்த்தார். “அண்ணே, வலது பக்கம் காற்றே வரல.” மாஸ்டர் மறுபேச்சில்லாமல் தையலைப் பிரித்தார். நல்ல உடுப்பா என்பதை உள்ளே நிற்பவர் சொல்ல வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தயார் உடுப்புகளைப் பிரித்து, காற்றுக்கு வழி வைத்துத் தரச் சொல்லியும் இவரிடம் ஆட்கள் வருகிறார்கள்.

உங்கள் வீட்டு விழாவுக்கு வேடம் கட்டுகிறவர்களைக் கூப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். டோரேமானுக்கு விரல் கிடையாது. அந்த உருண்டைக் கையால் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாது. பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றவும் மாட்டார்கள். மின்விசிறி உள்ள ஒரு தனி அறையும், இடையிடையே ஓய்வும், பாட்டிலைத் திறந்து கொடுக்க ஓர் ஆளும் ஏற்பாடு செய்யுங்கள்.