என்பும் உயரமும்

உடம்பு மண்ணோடு கலந்த பின்னரும் என்பு நெடுநாள் நிலைத்து நிற்கின்றது. தன்னை உடையான் பெயரை அது கூறமாட்டாது. எனினும் அவன் உயரத்தை ஒருவாறு கூறவல்லது. அக்கூற்றை எவ்வளவு நம்பலாம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மனிதன் உயரத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையது தொடையெலும்பு. 1888-ஆம் ஆண்டில் ரொல்லே என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஆடவர் 50 பேர், பெண்டிர் 50 பேர் ஆகியோரின் பிரேதங்களை அளந்து அட்டவணை வகுத்தார். அவ்வளவுகளைக் கொண்டே 1899-இல் கார்ல் பியர்சன் கணித வாய்பாடுகள் அமைத்தார். நம் நாட்டில் 1924-இல் பான் என்பாரும், 1931-இல் ஐக்கிய மாகாணத்தாரை ஆராய்ந்த நாட் என்பாரும் பெருக்கெண்கள் தந்தனர். ஆடவர் தொடையெலும்பிற்குப் பான் தந்த எண் 3.82, நாட் தந்தது 3.70. எலும்பு 43 சென்டிமீட்டர் நீளமுடையதாயின், முன்னதன்படி உயரம் ஏறக்குறைய 164 சென்டிமீட்டர், பின்னதன்படி 159. எலும்பு ஒன்றே, உயரமோ இரண்டு! கால்நீளத்திற்கும் உடல்நீளத்திற்கும் உள்ள விகிதம் எல்லா மக்களிடத்தும் ஒன்றன்று என்பதே இதன் காரணம். ஆகலின், ஒரு நாட்டார் கணக்கை மற்றொரு நாட்டார் என்பின்மேல் ஏற்றுதல் ஆராயத்தக்கது.

யாம் சேக்காட்டில் உறைபவர். சில ஆண்டுகட்கு முன் எமது தெருவில் ஒருவர் வீட்டைவிட்டுச் சென்று மீளாராயினார். காவல் நிலையத்திற்கு விண்ணப்பம் எழுதித் தருமாறு அவர் மனைவியார் எம்மை வேண்டினர். உயரம் யாதென வினவினோம். அவ்வம்மையார் எழுந்து நின்று, தம் தலைக்கு மேலே ஒரு சாண் அளவில் கையை உயர்த்தி, “இம்மட்டு இருப்பார், ஐயா” என்றனர். தரையிலிருந்து அக்கைவரை நாடாவால் அளந்து, 5 அடி 5 அங்குலம் என்று எழுதினோம். அவர் இன்றுகாறும் வந்திலர். ஆவடிப் புகைவண்டி நிலையத்தில் ‘காணவில்லை’ என்னும் அறிவிப்பு ஒன்றைக் காணுந்தோறும், அதில் உள்ள உயரமும் யாரோ ஒருவர் கை காட்டிய அளவுதானோ என்று எண்ணுகின்றோம்.

1952-இல் அமெரிக்கரான டிராட்டர், கிளெசர் என்னும் இருவரும், போரில் இறந்த வீரர் எலும்புகளைப் படையிற் சேர்ந்தபோது குறித்த உயரத்தோடு ஒப்பிட்டு வாய்பாடு கண்டனர். அத்துணைச் சான்று இருந்தும், தொடையெலும்பால் வெள்ளையர் உயரம் கணிக்குங்கால் 3.27 சென்டிமீட்டர் கூடவோ குறையவோ ஆகலாம் என அவர்களே வரைந்தனர். மூவரில் ஒருவர் அவ்வெல்லைக்கும் அப்பாற்படுவர். மேலும், அவர்தம் கணக்கில் கணைக்கால் எலும்பின் கீழ்முனை விடப்பட்டு அளக்கப்பட்டது என்பது 1995-இல்தான் வெளிப்பட்டது. இவையன்றி, மாலையினும் காலையில் மனிதன் சிறிது நெடியன், முதுமையில் குறுகுவான், பிணமோ உயிருள்ள உடலினும் சிறிது நீளும்.

அங்ஙனமாயின் இக்கலை பயனற்றதோ? அன்று. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவரைத் தேடுமிடத்து, 180 சென்டிமீட்டர் காட்டும் என்பு கிடைப்பின், “இவர் அவரல்லர்” என்று துணிந்து கூறலாம். உயரம் ஒத்திருப்பின், “இவராதல் கூடும்” என்பதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லலாகாது, அவ்வுயரத்தினர் பல்லாயிரவர். பல்லும், பழைய முறிவின் தழும்பும், டி.என்.ஏ. சோதனையுமே எஞ்சியதை உறுதி செய்தற்குரியன.

எம் தெருவில் காத்திருக்கும் அம்மையார்க்கு நாளை எவரேனும் ஓர் என்பைக் குறித்துச் செய்தி கொணரலாம். அவர் திலகத்தை அழிப்பதும் நிறுத்துவதும் ஓர் எண்ணால் ஆதல் தகாது. அளப்பவர் எண்ணைக் கூறும்போதே அதன் எல்லையையும் உடன் கூறுவாராக. அறிவியல் பயிலும் எம் இளைஞர் இதனை மறவாதிருப்பாராக.