அப்பா வரைந்த படக்கதை



எனக்குப் படம் வரையத் தெரியாது. பெங்களூரு பீனியாவில் ஒரு பட்டறையில் இயந்திர உதிரிபாகங்களை அளந்து சரிபார்ப்பது என் வேலை. நேர்கோடு இழுப்பேன்; மனித முகம் வரைந்தால் அது உருளைக்கிழங்காய் முடியும். ஆயினும் கடந்த மூன்று ஆண்டுகளாக என் இரு பிள்ளைகளுக்கும் என் கையாலேயே படக்கதைப் புத்தகங்கள் செய்து கொடுத்து வருகிறேன். அவற்றின் மூலமாய் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் சொந்த ஊர் நாசரேத். பிழைப்புக்காக வந்து லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறார்கள். தமிழ், வீட்டிலும் சபையிலும் காதில் விழுவதோடு சரி. ஒருமுறை ஊரிலிருந்து ஆச்சி எழுதிய கடிதத்தை மூத்தவன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினான். அது என் உள்ளத்தைத் தைத்தது.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது பாடப்புத்தகத்தைவிட அதிகமாய் முத்து காமிக்ஸில்தான். 1972-இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய அந்தப் புத்தகங்களின் பழைய பிரதிகள் என் சிறுவயதிலும் எங்கள் தெருவில் கைமாறிக்கொண்டிருந்தன. அடுத்த கட்டத்தில் என்ன நடந்தது என்று அறியும் ஆவல்தான் எனக்கு எழுத்தைக் கற்றுத் தந்தது. அந்த ஆவலை என் பிள்ளைகளுக்கும் ஏன் மூட்டக்கூடாது என்று எண்ணினேன்.

நாம் வந்து குடியேறிய இந்நகரத்துக்கும் படக்கதைக்கும் பழைய உறவு உண்டு. 'அமர் சித்திர கதா' என்றதும் அனந்த் பையின் பெயரும், 1967 என்னும் ஆண்டும் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முன்பே, 1965-இல், பெங்களூருவில் ஜி.கே.அனந்தராமின் முயற்சியால் அதே பெயரில் மேலைநாட்டுச் சிறுவர் கதைகள் பத்து, கன்னடத்தில் வெளிவந்தன. ஆங்கில வரிசை 11 என்ற எண்ணில் தொடங்கியதற்குக் காரணம் அதுவே. தங்கள் தாய்மொழியில் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று ஒருவர் எண்ணியதன் பலன் அது.

அச்சகம் இல்லாமல், தன் பிள்ளைகளுக்காக மட்டும் உழைத்த தகப்பன்மாரும் உண்டு. இங்கிலாந்தின் பேராசிரியர் டோல்கீன் 1920 முதல் 1943 வரை, ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோல் தம் பிள்ளைகளுக்குப் படங்களோடு கடிதம் எழுதினார். வயதானவருடைய நடுங்கும் கையெழுத்து, வட துருவத்துத் தபால்தலை, ஓரத்தில் பனிக்கரடியின் குறும்புக் குறிப்புகள் அனைத்தும் அவர் கைவேலையே. முதல் கடிதத்தின்போது மூத்த மகனுக்கு வயது மூன்று. அவை புத்தகமானது 1976-இல், அவர் மறைந்த பின்புதான்.

எங்கள் வீட்டுப் புத்தகத்துக்கு ஓர் ஏ4 தாள் போதும். அதை மும்முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். நீளவாக்கில் நடுவே ஓடும் மடிப்பில், மத்தியிலுள்ள இரண்டு கட்டங்களின் அளவுக்கு மட்டும் கத்தரித்து மறுபடி மடித்தால், உள்ளங்கையளவில் எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கும். தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

அனுபவத்தில் கற்ற சிலவற்றையும் சொல்லுகிறேன். முதலில் வசனத்தை எழுதி, பிறகு அதைச் சுற்றிக் குமிழ் வரைய வேண்டும். நம் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குமிழை முதலில் வரைந்தால் கடைசி எழுத்து வெளியே நிற்கும். முதலில் பேசுகிறவரை இடப்பக்கம் நிறுத்த வேண்டும். புருவம் இரண்டு கோடுதான். உட்பக்கம் சரிந்தால் கோபம், வெளிப்பக்கம் சரிந்தால் துக்கம். சின்னவளுக்குக் கட்டத்துக்கு ஒரு சொல், மூத்தவனுக்கு ஒரு வாக்கியம். கதைக்காக எங்கும் அலைய வேண்டாம். நாகர்கோவில் இரயிலில் மேல் படுக்கைக்கு நடந்த சண்டையும், ஆச்சி வீட்டு ஆட்டுக்குட்டி சேலையைத் தின்றதும் போதும்.

ஓராண்டுக்குள் மூத்தவன் தானே எழுத்துக்கூட்டினான். பிறகு தானும் புத்தகம் செய்யத் தொடங்கினான். நான் சொல்ல வந்தது அவன் செய்த ஒரு புத்தகத்தைப் பற்றித்தான்.

அந்த மாதத்தில் அவன் மூன்றாம் முறையாகப் பென்சில் பெட்டியைத் தொலைத்திருந்தான். வேலை முடிந்து களைப்போடு வந்த நான் அன்று இரவு மிகவும் சத்தமிட்டேன். "பணம் மரத்திலா காய்க்கிறது?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்துத் தலையணைக்கடியில் ஒரு சிறு புத்தகம் கண்டேன். எல்லாப் பக்கத்திலும் நான். புருவம் உட்பக்கம் சரிந்திருந்தது. என் குமிழ் கட்டம் முழுவதையும் அடைத்திருந்தது. மூலையில் விரலளவு ஒரு பையன். அவன் தலைக்கு மேலும் குமிழ் இருந்தது; ஆனால் அதில் ஓர் எழுத்தும் இல்லை.

"இதை ஏன் வெறுமையாய் விட்டாய்?" என்று கேட்டேன்.

"நீங்கள் பேசி முடித்த பிறகு எழுதலாம் என்று விட்டேன், அப்பா" என்றான்.

எபேசியருக்கு எழுதின நிருபத்தில் தகப்பன்மாருக்கு உரைத்த புத்திமதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அன்றுதான் அது எனக்கென்று எழுதப்பட்டதாய் உணர்ந்தேன்.

அன்றிரவு நான் ஒரு பக்கம் வரைந்தேன். அதில் எனக்குப் பெரிய காதுகள்; வாய் மட்டும் இல்லை. எதிரே பையன், வெற்றுக் குமிழோடு. அதைப் பென்சிலோடு அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது குமிழ் நிறைந்திருந்தது. "பெட்டி தொலையல. வேன்ல பெரிய அண்ணன் எடுத்துக்கிட்டான். சொன்னா அடிப்பான்." எழுத்துப் பிழையோடு, நடுங்கிய கோட்டில் இருந்தது.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் விடுப்பெடுத்து, வேன் ஓட்டுநரையும் அந்தப் பையனின் பெற்றோரையும் கண்டு பேசினேன். காரியம் அமைதியாய் முடிந்தது. பெட்டிகளில் ஒன்று திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த மாதம் முழுவதும் என் பிள்ளை தனியாகச் சுமந்த பயத்தை எண்ணினால் இன்றும் மனம் கலங்குகிறது.

பிரியமான பெற்றோரே, ஊரில் பிள்ளைக்கு ஒரு துக்கம் என்றால் கேட்க ஆச்சி இருப்பார், சித்தி இருப்பார். இந்நகரத்து வாடகை வீட்டில் நாம் இருவர் மட்டுமே. நாமோ களைத்து வருகிறோம். உங்களுக்கு வரையத் தெரியாதிருக்கலாம்; எனக்கும் தெரியாது. இன்று இரவு ஒரு தாளை மடியுங்கள். உங்கள் குமிழைச் சிறியதாக்கி, பிள்ளையின் குமிழை வெறுமையாய் விட்டு, பென்சிலை அதன் கையில் கொடுங்கள்.